பெண்கள் பக்கம்: சுமார்

1. பதினோராவது ரீல்

பேய்ப் படத்தில் பேய் வரும்போது ஜனங்கள் சிரித்துவிட்டால் அந்தப் படம் தேறாது. சினிமா விநியோகத் தொழிலில் நான் சேர்ந்தபோது முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். ஆகவே, மோகனூர் டூரிங் டாக்கீஸில் வெள்ளிக்கிழமை முதல் ஆட்டத்தின்போது, பதினோராவது ரீலில், ஆண்கள் பக்கம் மொத்தமும் விழுந்து விழுந்து சிரித்ததும், ஆபரேட்டர் ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்த நான் பென்சிலை எடுத்து ரிப்போர்ட் கார்டில் "சிரிப்பு" என்று எழுதினேன். பக்கத்திலேயே "வெட்டலாம்" என்றும் எழுதினேன். எழுதும்போது நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

அது அறுபதுகளின் தொடக்கம். படம் ஒரு மம்மிப் படம். போஸ்டரில் பெரிய பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரை எந்த ஊரிலும் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. துணி சுத்துன பேய்ப் படம் என்றுதான் சொன்னார்கள். எங்கள் கம்பெனியும் பிறகு அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டது.

2. நான் பார்த்த வேலை

என் பெயர் சவரிமுத்து. சேலத்தில் ஒரு சின்ன விநியோகக் கம்பெனியில் பிலிம் ரெப்ரசென்டேட்டிவ். சுருக்கமாக ரெப். படப்பெட்டியோடு ஊர் ஊராகப் போகிற வேலை. டிக்கெட் கணக்குப் பார்ப்பது அதில் பாதி. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. மற்றப் பாதி, ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுவது.

அதற்கென்று அச்சடித்த கார்டு உண்டு. தரை, பெஞ்சு, சேர், பெண்கள், தியேட்டர்காரர் என்று ஐந்து கட்டம். கைதட்டல், சீட்டி, சிரிப்பு, எழுந்து போதல் என்று ஒவ்வொரு ரீலுக்கும் குறிக்க வேண்டும். இடைவேளையில் சோடாக்கடைப் பக்கம் நின்று காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். நாமாகப் போய்க் கேட்கக் கூடாது. கேட்டால் கம்பெனி ஆள் என்று தெரிந்துவிடும். தெரிந்தால் மரியாதைக்கு நல்லா இருக்குங்க என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஒட்டுக் கேட்பதற்குச் சம்பளம் வாங்கியவன் நான் என்று என் மனைவி கேலி செய்வாள். பொய்யில்லை.

கார்டு காலைத் தபாலில் சேலத்துக்குப் போகும். முதலாளி அதைப் பார்த்துத்தான் எந்தப் பாட்டை எடுக்கலாம், எந்தச் சண்டையைக் குறைக்கலாம் என்று முடிவு செய்வார். அந்தக் காலத்தில் படம் ரிலீஸ் ஆன பிறகும் கத்தரிக்கோல் ஓயாது.

இதில் ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். டூரிங் கொட்டகையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே நெஞ்சு உயரத்துக்கு ஒரு மண்சுவர் இருக்கும். பெண்களுக்குத் தனி வாசல், தனி டிக்கெட். அந்தப் பக்கம் ஆண்கள் போகக் கூடாது. இடைவேளையிலும் அவர்கள் வெளியே வந்து சோடாக்கடையில் நிற்க மாட்டார்கள். அப்படியானால் பெண்கள் கட்டத்தை நாங்கள் எப்படி நிரப்பினோம்?

நிரப்பினோம், அவ்வளவுதான். பாட்டு நிறைய இருந்தால் "பெண்கள் விரும்புகிறார்கள்." மாமியார் கொடுமை இருந்தால் "பெண்கள் கூட்டம் அமோகம்." சண்டை, துப்பாக்கி, பேய் என்றால் "சுமார்." எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் என்னைவிடப் பத்து வருஷம் மூத்த ரெப். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் இன்னொருவர். நான் எட்டு வருஷம் இப்படி எழுதினேன். ஒருநாளும் எவரும் எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

3. காதர் பாய் எடுத்த படம்

எங்கள் முதலாளி அதுவரை படம் வாங்கி விற்றவர். சொந்தமாக எடுக்க ஆசை வந்தது. ஆசை பெரிது, கை சிறிது. சென்னையிலிருந்து பெரிய டைரக்டரைக் கூட்டி வர முடியாது. அதனால் காதர் பாய்க்கு அதிர்ஷ்டம் அடித்தது.

காதர் பாய் சேலம் கோட்டைப் பக்கத்து ஆள். ஸ்டுடியோவில் பன்னிரண்டு வருஷம் அசிஸ்டென்ட். கிளாப் அடிப்பதிலிருந்து நடிகைக்குக் குடை பிடிப்பது வரை எல்லாம் செய்தவர். ஒல்லியான ஆள், அதிர்ந்து பேச மாட்டார். எங்கள் ஆபீஸுக்கு வரும்போதெல்லாம் என் கார்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படிப்பார். "இந்த ஊர்ல ஏன் சவரி சிரிச்சாங்க? அந்த ஊர்ல சிரிக்கலியே?" என்று கேட்பார். என் எழுத்தை அவ்வளவு அக்கறையாகப் படித்த வேறொரு மனிதர் கிடையாது. முதலாளிகூட அடிக்கோடு போட்டதை மட்டும்தான் பார்ப்பார்.

கதை இதுதான். எகிப்தில் ஒரு கல்லறைக் காவல்காரன். குழந்தை இறந்துபோன துக்கத்திலேயே செத்துப்போகிறான். அவனைப் பாடம் செய்து துணி சுற்றி வைக்கிறார்கள். மூவாயிரம் வருஷம் கழித்து நம் ஊர் ஜமீன்தார் ஒருவர் அந்தப் பெட்டியை வாங்கி வந்து பங்களாவில் வைக்கிறார். மம்மி எழுந்து ஒவ்வொரு அறையாகத் தேடுகிறது. நகைக்காக வந்த திருடர்கள், கதாநாயகன், காமெடியன் எல்லாரும் குறுக்கே மறுக்கே ஓடுகிறார்கள்.

எகிப்துப் பாலைவனம் முழுக்கவும் மோகனூர்ப் பக்கத்துக் காவேரி மணல். பிரமிடு, துணியில் வரைந்தது. காற்றடித்தால் பிரமிடு மூச்சு விடும். ஒட்டகம் ஒன்றே ஒன்று. அதையே ஏழு தடவை நடக்க விட்டு ஏழு ஒட்டகமாகக் காட்டினார் காதர் பாய். மம்மிக்குச் சுற்றிய துணி காடாத் துணி, டீத்தண்ணீரில் ஊறப் போட்டது. உள்ளே இருந்தவர் ஒரு ஸ்டண்ட் நடிகர். கண்ணையும் சேர்த்துச் சுற்றிவிட்டதால் அவருக்குப் பாதி வழி தெரியாது.

பதினோராவது ரீலில்தான் தொட்டில் சீன். மம்மி ஒரு அறைக்குள் நுழைகிறது. தொட்டிலில் குழந்தை. தாய் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நடுங்குகிறாள். மம்மி தொட்டிலிடம் போய்க் கையைத் தூக்குகிறது. குழந்தையைக் கொல்லப் போகிறது என்று நினைக்கும்போது, தொட்டிலைத் தொட்டு மெதுவாக ஆட்டுகிறது. கொஞ்ச நேரம் ஆட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. வசனம் கிடையாது, மியூசிக் கிடையாது. தொட்டில் கயிற்றின் சத்தம் மட்டும்.

முதலாளிக்கு அது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. "ஏய்யா காதரு, பேய் தொட்டில் ஆட்டுமாய்யா? கழுத்தையில்ல கடிக்கணும்?" என்றார்.

"பொம்பளைங்களுக்குப் புரியுங்க முதலாளி" என்றார் காதர் பாய்.

"சரி, ஜனங்க சொல்லட்டும். முதல்ல மூணு ஊர்ல போட்டுப் பாக்கறேன். ரிப்போர்ட் நல்லா வந்தா அப்படியே சேலம் டவுன்ல ரிலீஸ். அடுத்த படமும் உனக்குத்தான். வரலைன்னா நீ பழையபடி கிளாப் கட்டையத் தூக்கு."

இதை என் எதிரில்தான் சொன்னார். அந்த மூன்று ஊரில் ஒன்றான மோகனூருக்கு அனுப்பப்பட்டவன் நான். காதர் பாய் பஸ் ஸ்டாண்டு வரை வந்து படப்பெட்டியை ஏற்றிவிட்டார். "எதையும் மறைக்காம எழுதுங்க சவரி. திட்டினாலும் எழுதுங்க" என்றார்.

4. சோடாக்கடையில் கேட்டவை

வெள்ளியும் சனியும் கூட்டத்துக்குக் குறைவில்லை. படத்தில் தங்கள் ஊர் மணல் வருகிறது என்று கேள்விப்பட்டு வந்தவர்களே பாதிப் பேர். எழுதி வைத்தவற்றில் சில இன்னும் ஞாபகம் இருக்கிறது.

வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த ஒருவர்: "எகிப்துன்னு எழுத்துப் போட்டானுங்க. அது நம்ம ஆறுங்க. அந்த மூலையில நிக்கறது நான் வளக்கற எருமைங்க. சத்தியமாச் சொல்றேன், என்ற எருமைதான்."

நான் அடுத்த ஆட்டத்தில் கவனித்துப் பார்த்தேன். எருமை இருந்தது.

சர்க்கரை ஆலைத் தொழிலாளி ஒருவர்: "அந்தப் பேயி தூண்ல ரெண்டுவாட்டி முட்டிக்கிச்சுங்க. பேய்க்கே கண்ணு தெரியலைன்னா அது நம்மள எங்கிருந்து புடிக்கறது?"

பள்ளிக்கூட வாத்தியார், சேர் டிக்கெட்: "சரித்திர ஆதாரம் போதாது." அவர் இரண்டு நாளும் வந்தார்.

மூன்று ஊரில் இன்னொன்றான இளம்பிள்ளைக்குப் போயிருந்த எங்கள் இன்னொரு ரெப், அங்கே நெசவுக்காரர்கள் சொன்னதை எழுதியிருந்தார். மம்மி சுற்றியிருப்பது மில் நூல், மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் மில் ஏது என்று அவர்கள் கேட்டார்களாம். தறிக்காரர்களிடம் துணியைக் காட்டி ஏமாற்ற முடியுமா?

தொட்டில் சீனில்தான் தொல்லை. மம்மி கையைத் தூக்கியதும் கொட்டகை கப்சிப் என்று ஆனது. தொட்டிலைத் தொட்டதும் தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல்: "அட, ஆயா வேலைக்கு வந்திருக்குதுங்கோ!" இன்னொருத்தன், "தாலாட்டுப் பாடு சாமி!" என்றான். அவ்வளவுதான். ஆண்கள் பக்கம் மொத்தமும் சிரிப்பு, சீட்டி. அந்தச் சத்தத்தில் தொட்டில் கயிறு எங்கே கேட்கப் போகிறது? சனிக்கிழமையும் அதே இடத்தில் அதே சிரிப்பு.

கார்டில் எழுதினேன். தரை: சிரிப்பு. பெஞ்சு: சிரிப்பு. சேர்: புன்னகை. பெண்கள்: சுமார். தியேட்டர்காரர்: தொட்டில் சீன் வேண்டாம் என்கிறார். மற்ற இரண்டு ஊரிலிருந்தும் இப்படியேதான் போயிருந்தது என்று பிறகு தெரிந்தது. அங்கேயும் எங்கள் ரெப்கள் சுவருக்கு இந்தப் பக்கம்தானே நின்றிருப்பார்கள்.

5. பாவாயக்கா

ஞாயிற்றுக்கிழமை காலையில் போஸ்டர் பசை வாங்குவதற்காகக் கொட்டகைக்குப் போனேன். பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிக்கும் பாவாயக்கா உள்ளே மணலைப் பரப்பிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஆட்டம் முடியும் வரை பெண்கள் பக்கத்திலேயே இருந்து, சண்டை வந்தால் விலக்கி, பிள்ளை அழுதால் வெளியே கூட்டிப் போகச் சொல்லி, எல்லாம் அவர் பொறுப்பு. ஒவ்வொரு படத்தையும் அந்தப் பக்கமிருந்து நாள்தோறும் பார்த்த மனுஷி. அந்தக் கொட்டகைக்கு நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். வணக்கத்துக்கு மேல் ஒரு வார்த்தை அவரிடம் பேசியதில்லை.

அவராகத்தான் பேச்செடுத்தார். "ஏனுங்க சாமி, இந்தப் படம் இன்னும் எத்தன நாளைக்குங்க?"

"ஏன்க்கா, நல்லா இல்லையா?"

"அதில்லீங்க. பொம்பளைக ரெண்டு நாளா அழுதுட்டுப் போறாங்க. பேய்ப் படத்துக்கு அழுது நான் பாத்ததில்லீங்க."

எனக்கு விளங்கவில்லை. "எங்கக்கா அழுதாங்க? நான் சிரிப்புச் சத்தம்தான கேட்டேன்."

"அது ஆம்பளைக பக்கமுங்க. அவங்களுக்கு என்னங்க, சிரிப்பாங்க. இக்கட்ட, பொம்பளைக பக்கம், அந்தத் தொட்டில் வர்ற எடத்துல ஒருத்தி பேச்சுக் குடுக்கலீங்க. மூக்கு உறிஞ்சற சத்தந்தான். கொழந்தையப் பறிகுடுக்காத ஊடு இந்தப் பக்கம் எத்தனைங்க இருக்குது? அம்மையில போனது, காச்சல்ல போனதுன்னு ஊட்டுக்கு ஒண்ணு இருக்குதுங்க. அதப் பேயின்னு ஆருங்க பாத்தா? பெத்தவன்னுதான் பாத்தாங்க." மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "மொத நாளு வந்தவங்க நேத்து பக்கத்தூட்டுக்காரிகளையும் கூட்டியாந்தாங்க. இன்னிக்கு நெம்ப வருவாங்க பாருங்க."

பசையை வாங்காமலே லாட்ஜுக்குத் திரும்பினேன். புதுக் கார்டு ஒன்றை எடுத்தேன். பெண்கள் கட்டத்தில் "தொட்டில் சீனில் அழுகிறார்கள். வெட்ட வேண்டாம்" என்று எழுதினேன். மறுபடி படித்துப் பார்த்தேன்.

முதலாளி என்ன கேட்பார் என்று யோசித்தேன். வெள்ளிக்கிழமை சுமார், சனிக்கிழமை சுமார், ஞாயிற்றுக்கிழமை அழுகையா? உனக்கு எப்படித் தெரிந்தது? வாசலில் இருக்கும் அம்மாள் சொன்னார் என்பேன். அப்படியானால் இத்தனை வருஷமாக யாரைக் கேட்டு எழுதினாய் என்பார். ஆபீஸ் அலமாரியில் என் கார்டுகள் வருஷவாரியாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. அத்தனையிலும் ஒரு கட்டம் பொய். அந்த வேலையை நம்பி வீட்டில் ஐந்து பேர்.

பயந்தேன். அதைவிடவும் வெட்கம். சவரி ரிப்போர்ட் என்றால் கல்லில் எழுதினது மாதிரி என்று ஆபீஸில் ஒரு பேர் எனக்கு இருந்தது. அந்தப் பேரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியதே தவிர, காதர் பாயின் முகம் அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. இதை இவ்வளவு வருஷம் கழித்து எழுதுவதற்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. கார்டைக் கிழித்துப் போட்டேன். இன்னொரு கார்டு எடுத்து, சுமார் என்று எழுதித் தபாலில் சேர்த்தேன்.

6. கத்தரிக்கோல்

திங்கட்கிழமை மத்தியானம் பஸ்ஸில் காதர் பாயே வந்து இறங்கினார். கையில் முதலாளியின் கடிதம். மூன்று ஊர் ரிப்போர்ட்டும் ஒரே மாதிரி வந்திருப்பதால் தொட்டில் சீனை மூன்று பிரிண்டிலும் எடுத்துவிட வேண்டும், சேலம் பிரிண்டிலும் அது இல்லாமலே போகும் என்று எழுதியிருந்தது. வெட்டுகிற வேலையையும் அவரிடமே கொடுத்திருந்தார் முதலாளி. மோகனூர் முடித்துவிட்டு மற்ற ஊர்களுக்கும் அவரே போக வேண்டும்.

ஆபரேட்டர் ரூமில் பதினோராவது ரீலை எடுத்து ரீவைண்டரில் மாட்டினோம். ஆபரேட்டர் சாப்பிடப் போயிருந்தார். காதர் பாய் கத்தரிக்கோலை எடுத்தவர் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சவரி, ஆம்பளைங்க சிரிச்சது எனக்கு ஆச்சரியமில்ல. நான் அவங்களை நெனச்சு எடுக்கலை. பொம்பளைங்க பக்கம் எப்படி? சுமார்னு எழுதியிருக்கீங்க. சுமார்னா என்ன?"

அவ்வளவு நேராக என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். சொல்லியிருக்கலாம். அவர் முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொல்கிற ஆளும் இல்லை. பாய், பாவாயக்கா கீழேதான் இருக்காங்க, வாங்க கேட்போம் என்று சொன்னால் போதும். இருபது அடி நடந்தால் போதும்.

"அங்கயும் சிரிப்புதான் பாய்" என்றேன்.

"பொம்பளைங்களுமா?"

"ஆமா."

அவர் கத்தரிக்கோலை மறுபடி கையில் எடுத்தார். பிறகு, "அப்ப எனக்குத்தான் தெரியலை" என்றார். பிலிமை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, ஆரம்பம் பார்த்து, முடிவு பார்த்து, இரண்டு வெட்டு வெட்டினார். இருநூறு அடிக்கு மேல் இருக்கும். பிலிம் சிமென்ட் என்கிற பசையைத் தடவி ஒட்டி, காயும் வரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். வெட்டின துண்டைச் சுருட்டிப் பேப்பரில் மடித்து என் கையில் கொடுத்து, "இதை ஆபீஸ்ல சேத்துடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார். டீ சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை.

அன்றைக்கு முதல் ஆட்டம் முடிந்ததும் பாவாயக்கா என்னைத் தேடிக்கொண்டு ஆண்கள் பக்கமே வந்துவிட்டார். "அந்தத் தொட்டில் எடத்த எதுக்குங்க எடுத்தீங்க? ஒரு அம்மா மூணு மைலு நடந்து தங்கச்சியக் கூட்டியாந்திருக்குதுங்க. அவளுக்குப் போன மாசந்தான் கொழந்த தவறிப் போச்சு. நான் வேற, வரும் பாருங்க, வரும் பாருங்கன்னு உக்கார வெச்சேன். இப்ப என்னையப் பாத்து, பொய் சொன்னீங்களாங்கன்னு கேக்குதுங்க."

"மேலிடத்து உத்தரவுக்கா" என்றேன்.

"மேலிடத்துக்கு ஆருங்க சொன்னா?" என்று கேட்டார். நான் சோடாக்காரரிடம் ஏதோ பேசப் போவது மாதிரி நகர்ந்துவிட்டேன்.

7. சேலம் ரிலீஸ்

தொட்டில் இல்லாத படம் சேலத்தில் ஒரு வாரம் ஓடியது. அங்கே கேட்ட கருத்தெல்லாம் ஒரே கருத்துதான். "அந்தப் பேய் எதுக்கு வந்துது, எதுக்குப் போச்சுன்னே தெரியலையே?" என்றார்கள். உண்மை. எதைத் தேடுகிறது என்பதைக் காட்டுகிற இடத்தை எடுத்துவிட்டால், மம்மி வீணாக ரூம் ரூமாக நுழைந்து தூணில் முட்டிக்கொள்கிறது. ஏழு ஒட்டகத்தையும் எருமையையும் மன்னித்த ஜனங்கள் இதை மன்னிக்கவில்லை. மூன்றாம் நாளே பெண்கள் டிக்கெட் கவுன்டரில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் என் தோளில் தட்டி, "நீ எழுதின மாதிரியே ஆச்சுய்யா. படம் தேறாதுன்னு மொத நாளே சொன்னவன் நீதான். இனிமே டவுன் ஏரியாவை நீ பாரு" என்றார். பொய்க்குப் பதவி உயர்வு கிடைத்தது. வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடுத்த படத்துக்கு வேறு டைரக்டர். காதர் பாய் கிளாப் கட்டையையும் தூக்கவில்லை. அவர் அண்ணனுக்கு நாமக்கல்லில் கயிறு, சாக்கு வியாபாரம். அங்கே போய்ச் சேர்ந்துகொண்டார் என்று கேள்விப்பட்டேன்.

அதன் பிறகு நான் எந்தத் தியேட்டருக்குப் போனாலும் முதலில் பெண்கள் வாசலில் இருக்கும் அம்மாளைத் தேடிப் போனேன். பேசக் கிடைக்காத ஊரில் அந்தக் கட்டத்தில் "தெரியவில்லை" என்று எழுதினேன். "தெரியலைன்னு எழுதறதுக்கா உனக்குச் சம்பளம்?" என்று முதலாளி சத்தம் போட்டார். போடட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் இதெல்லாம் காதர் பாய்க்கு எந்த விதத்திலும் உதவாத நல்ல புத்தி.

8. நாமக்கல்

ஏழு வருஷம் போயிற்று. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒருமுறை, மாதா கோயில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தின்போது இதைச் சொன்னேன். வேலையில் பொய் எழுதினேன் சாமி என்றேன். "எத்தனை தடவை?" என்று கேட்டார் சாமியார். "எட்டு வருஷம்" என்றேன். ஜெபமாலை சொல்லச் சொன்னார். சொன்னேன். முழங்கால் வலித்ததே தவிர மனசு லேசாகவில்லை. சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லாமல் சாமியாரிடம் சொல்லி என்ன பிரயோஜனம் என்று தோன்றிற்று.

மறுநாள் நாமக்கல்லுக்கு பஸ் ஏறினேன். கடைவீதியில் கடையைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. காதர் பாய் ஒரு லாரிக்காரருக்கு வடக்கயிறு அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "சவரி! வாங்க வாங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீ சொன்னார். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். சினிமாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இங்க வந்த பிறகு படம் பாக்கறதுண்டா பாய்?"

"இல்ல சவரி. பொம்பளைங்களே சிரிச்ச பிறகு நமக்கு அந்த வேலை வரலைன்னு தெரிஞ்சுபோச்சு. தெரியாத வேலையைப் பத்தி எதுக்கு நெனச்சுக்கிட்டு?" மனக்குறை இல்லாத மாதிரிதான் சொன்னார். ஏழு வருஷமாக அதை நம்பியிருக்கிறார்.

சொல்லிவிட்டேன். மண்சுவர், பாவாயக்கா, கிழித்த கார்டு, எட்டு வருஷத்துச் சுமார், ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கையிலிருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன்.

"அழுதாங்களா?" என்றார்.

"அழுதாங்க பாய். பக்கத்து வீட்டுப் பொம்பளைங்களையும் கூட்டிக்கிட்டு வந்து அழுதாங்க."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். முகமே மாறிவிட்டது. ஆபீஸில் என் கார்டுகளை வைத்துக்கொண்டு கேட்பாரே, அந்தக் குரல் வந்தது.

"எந்த எடத்துல சவரி? தொட்டிலத் தொட்டப்பவா, இல்ல ஆட்டிட்டுக் கையை எடுத்தப்பவா? எடிட்டருக்கும் எனக்கும் அதுலதான் ரெண்டு நாள் சண்டை. தொட்டதோட நிறுத்திடுங்கன்னாரு அவரு. கையை எடுக்கறதுதான் சீனுன்னு நான் சொன்னேன். அந்தம்மா என்ன சொன்னாங்க? எப்ப அழ ஆரம்பிச்சாங்க?"

"அது கேக்கலை பாய்."

"இப்பப் போய்க் கேக்கலாமா? மோகனூர் கிட்டத்தானே." எழுந்தே விட்டார். தம்பி முறைக்காரர் ஒருவரைக் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் குரல் கொடுத்தார்.

"அந்தக்கா செத்து ரெண்டு வருஷமாச்சு பாய்."

அவர் நின்றபடியே இருந்தார். பிறகு, "கேட்டிருக்கலாமே சவரி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வெளியே சாக்கு வாங்க ஒரு ஆள் வந்து நின்றார். அவர் போய் விலை சொன்னார். நான் சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

இன்று ரசிகர்கள் கருத்து கேட்டு எழுதுகிற வேலைக்கு எத்தனையோ இளைஞர்கள் வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. சிரித்தார்கள், அழுதார்கள் என்று எழுதுவதோடு விடாதீர்கள். யார், எந்த இடத்தில் என்று போய்க் கேட்டு எழுதுங்கள். கேட்காவிட்டால் கேட்கவில்லை என்று எழுதுங்கள். படம் எடுத்தவன் ஒருநாள் வந்து கேட்பான். காதர் பாய் கேட்ட அன்றைக்கு அவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.